மாஸ்க் எடுத்தாச்சு, கரண்ட் வைக்க இன்னும் கூப்பிடவில்லை: ஐஎம்ஆர்டி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நாகலூர் ஜீப்:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் ஊர். சொந்தமாக ஜீப் வைத்து ஓட்டுகிறேன். அப்பாவுக்கு 61 வயது. காபி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்து நின்றவர். வெற்றிலை, புகையிலை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

பொங்கலுக்குப் பிறகு தொண்டையில் முள் மாட்டின மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் கழுத்தில் வலது பக்கம் நெறி கட்டியது. அது கரையவே இல்லை. சேலத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். சதை எடுத்து டெஸ்ட் செய்ததில் நாக்கின் அடிப்பகுதியில் கேன்சர், மூன்றாவது ஸ்டேஜ் என்று வந்தது. ஆபரேஷன் வேண்டாம், 35 சிட்டிங் கரண்ட் (கதிர் சிகிச்சையைத்தான் அப்படிச் சொல்கிறோம்), கூடவே வாராவாரம் கீமோ என்று சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு இடத்தில் கேட்டோம். ஒரு இடத்தில் சாதா கரண்டே போதும் என்றார்கள். இன்னொரு இடத்தில் ஐஎம்ஆர்டிதான் வைக்க வேண்டும் என்றார்கள், கட்டிக்கு அதிகமாகவும் பக்கத்து உறுப்புக்குக் குறைவாகவும் விழும்படி கம்ப்யூட்டர் கணக்கில் கதிர் வைக்கும் முறையாம். தொகை முதல் இடத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். வீட்டில் பேசி ஐஎம்ஆர்டிக்கே ஒத்துக்கொண்டோம். முகத்துக்கு வலை மாதிரி ஒரு மாஸ்க் செய்து, அதைப் போட்டபடியே ஸ்கேன் எடுத்து, வீட்டுக்குப் போங்கள், போன் வரும் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. போன் வரவில்லை. நாமே கூப்பிட்டால் பிளானிங் நடக்கிறது என்று ஒரே பதில்.

மெஷின் ரிப்பேராகியிருக்கும், உங்களை இழுத்தடிக்கிறார்கள் என்கிறார் மாமா. கழுத்துக் கட்டியைத் தினமும் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் அப்பா. பிளானிங் என்று இவ்வளவு நாள் என்ன செய்வார்கள்? இந்த ஐஎம்ஆர்டி உண்மையிலேயே தேவைதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓமலூர் மெயின்ரோடு:

எல்லாம் பணம் பிடுங்குகிற வேலை சார். என் சித்தப்பாவுக்கு 2003ல் இதே தொண்டையில்தான் வந்தது. அப்போது ஏது ஐஎம்ஆர்டி? சாதா கரண்ட்தான் வைத்தார்கள். மனுஷன் இன்றைக்கும் கல்லுமாதிரி இருக்கிறார், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். ஒரே ஒரு குறை, தண்ணீர் பாட்டில் இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து குடிப்பார். சோற்றைக் குழம்பில் மிதக்கவிட்டால்தான் இறங்கும். மற்றபடி ஒன்றும் இல்லை. குறைந்த தொகை சொன்ன இடத்துக்கே போங்கள்.


அம்மாபேட்டை பிசிக்ஸ்:

தம்பி, ஒரு வாரம், பத்து நாள் ஆவது இந்தச் சிகிச்சையில் வழக்கம்தான். மெஷின் நின்றுபோவதும் சில இடங்களில் நடக்கும், உங்கள் மாமா சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. கதிரியக்கப் பிரிவில், கதிர் அளவைக் கணக்குப் போடும் மெடிக்கல் பிசிசிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன். மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் டிப்ளமோ முடித்து, கோபால்ட் மெஷினில் ஆரம்பித்து, மின்சாரத்தால் கதிர் உண்டாக்கும் லினாக் மெஷினில் முடித்தேன். கோபால்ட்டின் வீரியம் 5.27 வருடத்தில் பாதியாகிவிடும். உள்ளே இருக்கும் கோபால்ட் பழசாக ஆக, அதே டோஸுக்கு (கதிர் அளவுக்கு) நோயாளி கூடுதல் நேரம் படுத்துக் கிடக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு சதவீதம் சொச்சம் என்று அந்த நேரக் கணக்கைத் திருத்தி எழுதுவதுதான் எனக்கு முதலில் கொடுத்த வேலை. அன்றைக்கெல்லாம் கழுத்துக்கு வைப்பதென்றால் இடப்பக்கமிருந்து ஒன்று, வலப்பக்கமிருந்து ஒன்று, கீழ்க்கழுத்துக்கு முன்னாலிருந்து ஒன்று. மறைக்க வேண்டிய இடத்தை ஈயக்கட்டி வைத்து மறைப்போம். இன்றைக்கு எக்ஸ்ரே பார்த்துக் குறித்தால் நாளைக்கோ நாளன்றைக்கோ ஆரம்பித்துவிடலாம். வேகமான வேலை. ஆனால் காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் பரோடிட் என்று உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது பாருங்கள், அது இரண்டும் கதிர் போகிற வழியிலேயே கிடக்கும். தப்பிக்க வழியே இல்லை.

ஓமலூர் நண்பரே, உங்கள் சித்தப்பா நன்றாக இருப்பது சந்தோஷம். அந்தத் தண்ணீர் பாட்டிலுக்கும் ராத்திரி எழுந்திருப்பதற்கும் காரணம் இதுதான். ஒன்றும் இல்லை என்று நீங்கள் ஒரு வரியில் தாண்டிப்போனதை அவரிடம் கேட்டால் இருபது வருடக் கதையாகச் சொல்வார். எச்சில் இல்லாத வாயில் பல்லும் சீக்கிரம் சொத்தையாகும், அதையும் கொஞ்சம் பாருங்கள்.

இப்போது ஐஎம்ஆர்டிக்கு வருகிறேன். அப்பாவுக்கு மாஸ்க் போட்டு எடுத்த சிடி ஸ்கேனில், தலையோட்டின் அடியிலிருந்து காறை எலும்பு வரைக்கும் மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு படம் என்று வைத்தாலும் அறுபது, எழுபது படம் ஆகும். டாக்டர் ஒவ்வொரு படத்திலும் கட்டி எது, நெறி எது, கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கக்கூடிய இடம் எது என்று கையால் கோடு போட வேண்டும். அதோடு காப்பாற்ற வேண்டியவற்றுக்கும் கோடு: தண்டுவடம், மூளைத்தண்டு, இரண்டு பரோடிட், தாடை எலும்பு, குரல்வளை. நாக்கின் அடிப்பகுதி என்றால் கழுத்தின் இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும். ஓபியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு நடுநடுவே போடுகிற கோடு இது. ஒரு நாளில் முடிந்தால் அந்த டாக்டருக்கு அன்றைக்கு ஓபி குறைவு என்று அர்த்தம்.

அப்புறம் பிசிசிஸ்ட். பழைய முறையில் நாங்கள் கதிரை வைத்துப் பார்ப்போம், டோஸ் எங்கெங்கே எவ்வளவு விழுகிறது என்று கணக்கு வரும். இதில் தலைகீழ். எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவோம், கதிரை எப்படி வைப்பது என்று கம்ப்யூட்டர் தேடும். இதற்கான கணக்கை 1982லேயே ஸ்வீடனில் ஆண்டர்ஸ் பிராமே என்பவர் போட்டுக் காட்டினார். அதைச் செய்யக்கூடிய கம்ப்யூட்டரும் மெஷினும் வருவதற்குத்தான் தொண்ணூறுகள் ஆனது. உங்கள் அப்பா மாதிரி ஒருவருக்கு நான் கொடுத்துவந்த கட்டளை ஏறக்குறைய இப்படி இருக்கும்: கட்டிக்கு 70 கிரே (கிரே என்பது டோஸை அளக்கும் அலகு), சந்தேகப்படுகிற கழுத்துப் பகுதிக்கு 54லிருந்து 60 வரைக்கும், தண்டுவடத்தில் எந்தப் புள்ளியும் 45ஐத் தாண்டக் கூடாது, ஒரு பரோடிட்டாவது சராசரியாக 26க்குக் கீழே நிற்க வேண்டும். கம்ப்யூட்டர் ஒரு விடை கொடுக்கும். தண்டுவடம் தப்பித்திருக்கும், கட்டியின் ஓரத்தில் டோஸ் குறைந்திருக்கும். திருத்தினால் தாடை எலும்பில் ஏறும். அதைத் திருத்தினால் பரோடிட். இப்படி மாற்றி மாற்றி ஓட்டி, டாக்டரும் நானும் உட்கார்ந்து, எதை விட்டுக்கொடுக்கலாம் என்று பேசி முடிவெடுப்போம். கட்டி இருக்கும் பக்கத்துப் பரோடிட்டைப் பெரும்பாலும் விட்டுக்கொடுக்க வேண்டிவரும். உங்கள் அப்பாவுக்கு வலது பக்கம் நெறி என்றால் காப்பாற்றப் பார்ப்பது இடது பக்கத்தை.

மெஷின் இதை எப்படிச் செய்கிறது என்று கேட்பீர்கள். கதிர் வெளியே வரும் வாயில் டங்ஸ்டனில் செய்த மெல்லிய தகடுகள் எதிரெதிராக வரிசையாக இருக்கும். 80, 120 என்று மெஷினுக்கு ஏற்ற எண்ணிக்கை. ஒவ்வொரு தகட்டுக்கும் தனி மோட்டார். எங்கள் வீட்டுப் பட்டுத்தறியில் ஜக்கார்டு அட்டை சொல்கிறபடி இந்த இழை ஏறும், அந்த இழை இறங்கும், பார்டரில் மயில் வரும். இங்கே அட்டைக்குப் பதில் கம்ப்யூட்டர், இழைக்குப் பதில் தகடு. ஏழு அல்லது ஒன்பது திசையிலிருந்து, ஒவ்வொரு திசையிலும் தகடுகள் நகர்ந்து நகர்ந்து, ஓரிடத்தில் கதிர் அதிகமாகவும் பக்கத்திலேயே குறைவாகவும் விழ வைக்கும். மெஷின் சுற்றிக்கொண்டே வைக்கும் முறையும் இருக்கிறது, அதில் சில நிமிஷத்தில் முடிந்துவிடும்.

இத்தனை சிக்கலான கணக்கை நேரே ஒரு மனுஷன்மேல் ஓட்டிப் பார்க்க முடியுமா? அதனால் உங்கள் அப்பாவின் பிளானை முதலில் ஒரு பிளாஸ்டிக் கட்டையில், உள்ளே டிடெக்டர் வைத்து, அப்படியே வைத்துப் பார்ப்போம். கம்ப்யூட்டர் சொன்ன டோஸும் டிடெக்டர் காட்டிய டோஸும் மூன்று சதவீதம், மூன்று மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். புள்ளிகளில் 95 சதவீதம் தேறினால்தான் கையெழுத்து. பகலெல்லாம் மெஷினில் நோயாளிகள் இருப்பதால், கடைசி ஆள் இறங்கிய பிறகு ராத்திரியில்தான் இதைச் செய்ய முடியும். நீங்கள் போன் செய்யும்போது பிளானிங் நடக்கிறது என்று சொல்கிற ரிசப்ஷன் பெண்ணுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. அவள் சொல்வது பொய்யாகவும் இருக்காது.

இருந்தாலும் காத்திருப்பதற்கும் ஒரு அளவு உண்டு. கட்டி நமக்காகக் காத்திருக்காது. மாஸ்க் எடுத்து இரண்டு வாரத்தைத் தாண்டினால் ரிசப்ஷனில் கேட்காதீர்கள், நேரே போய் டாக்டரைப் பார்த்து, பிளான் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, செக்கிங் என்றைக்கு, முதல் சிட்டிங் என்றைக்கு என்று தேதியாகக் கேளுங்கள்.

தேவையா என்ற கேள்விக்கு: உங்கள் அப்பாவுக்கு, ஆமாம். இங்கிலாந்தில் பார்ஸ்போர்ட் என்று ஒரு ஆய்வு, 2011ல் முடிவு வந்தது. தொண்டைக் கேன்சர்காரர்கள் 94 பேர். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, வாய் வறட்சியால் கணிசமாகக் கஷ்டப்பட்டவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், ஐஎம்ஆர்டியில் 38 சதவீதம். அதே ஆய்வில் உயிர் பிழைத்த கணக்கில் இரண்டு பக்கத்துக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆக, ஐஎம்ஆர்டி வைத்தால் கேன்சர் அதிகமாகக் குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குணமான பிறகு சோறு இறங்குகிற வாயோடு இருப்பதற்குத்தான் இந்தக் கூடுதல் காசு. சேலம் ஐந்து ரோட்டில் விளம்பர ஃப்ளெக்ஸ் வைக்கிறவர்கள் இதை எழுத மாட்டார்கள். எலும்பில் பரவி வலியோடு வருகிறவருக்கு ஒரே ஒரு சிட்டிங், 8 கிரே, சாதாரண முறையிலேயே வைத்து வலியைக் குறைக்கலாம். அவருக்குப் போய் ஐஎம்ஆர்டி பேசினால் அது ஓமலூர் நண்பர் சொல்கிற கதைதான்.

எல்லாம் இருக்கட்டும். அப்பாவின் பல்லை யாராவது பார்த்தார்களா? நீங்கள் எழுதியதில் பல் டாக்டர் என்ற பேச்சே இல்லை.


நாகலூர் ஜீப்:

சார், இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை. நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கதிர் வைக்கிற தகடு எங்கே செய்கிறார்கள் என்று கேட்டார்.

பல்லை யாரும் பார்க்கவில்லை. வலது பக்கம் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று வேர் மட்டும் நிற்கிறது. அது பல வருடமாக அப்படித்தான். கரண்ட் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம்.


அம்மாபேட்டை பிசிக்ஸ்:

முடிந்த பிறகு என்ற பேச்சே கூடாது தம்பி. நாளைக்கே மலையிறங்குங்கள்.

அதிக டோஸ் வாங்கின தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அந்த எலும்பிலிருந்து பிறகு பல் பிடுங்கினால் குழி ஆறாது, எலும்பே செத்து வெளியே தெரிய ஆரம்பிக்கும். வருடக்கணக்கில் இழுக்கும். அதுவும் உங்கள் அப்பாவுக்கு ஆடுகிற பல் இருப்பது 70 கிரே விழப்போகிற அதே வலது பக்கத்தில். பிடுங்க வேண்டியதை இப்போதே பிடுங்கி, குழி ஆற பத்திலிருந்து பதினாலு நாள் விட்டு, பிறகுதான் முதல் சிட்டிங்.

ஆனால் நீங்களாகப் போய் எங்கேயாவது பிடுங்கிவிட்டு வராதீர்கள். முதலில் கதிரியக்க டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் எழுதிக் கொடுக்கும் பல் டாக்டரிடம் போங்கள். கன்னம் வீங்கி மாஸ்க் பிடிக்காமல் போனால் மாஸ்க்கையும் ஸ்கேனையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு முகம் சுளிக்காதீர்கள். மாஸ்க் ஒன்றும் பெரிய வேலை இல்லை, நீங்களே பார்த்திருப்பீர்கள்: வெந்நீரில் போட்டால் அந்தத் தகடு துணி மாதிரி துவண்டுவிடும், முகத்தில் இழுத்துப் பிடித்தால் சில நிமிஷத்தில் இறுகிவிடும். மீசை தாடி வைத்திருந்தால் எப்படி இருந்தபோது மாஸ்க் எடுத்தார்களோ அப்படியே கடைசி வரைக்கும் இருக்க வேண்டும். நடுவில் தாடி வளர்ந்தால் மாஸ்க் தூக்கிக்கொள்ளும். கரண்ட் ஆரம்பித்த பிறகு பிளேடு படக் கூடாது, எலெக்ட்ரிக் ஷேவர் ஒன்று வாங்கி வையுங்கள்.

இன்னொன்று, அவரிடம் நேரே சொல்லுங்கள்: புகையிலை இன்றோடு சரி. பீடி சிகரெட்டும் அதே கணக்குத்தான். சிகிச்சை நடக்கும்போதே புகை பிடிக்கிறவர்களுக்குக் கரண்ட் வேலை செய்வது குறைகிறது.


குகை கொலுசுப்பட்டறை:

கண்ணு, உன் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கு இதே கரண்ட் வைத்தோம், அவருக்குத் தொண்டையில் டான்சில் பக்கம். கொலுசுப் பட்டறையில் பற்ற வைக்கிற வேலை அவருக்கு. சார் சொன்ன மெஷின் விவரமெல்லாம் எனக்குத் தெரியாது. சாப்பாட்டு விஷயம் சொல்கிறேன், அதுதான் உன் வீட்டுப் பெண்களுக்கு வேண்டியது.

முதல் வாரம் ஒன்றும் தெரியாது. இதற்கா இத்தனை பயந்தோம் என்று இவர் தட்டுவடை செட் கேட்டார், வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது வாரம் ருசி போய்விட்டது. எதைப் போட்டாலும் மண்ணு மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளுவார். மூன்றாவது வாரம் வாய்க்குள் வெந்துபோய்விட்டது. வெள்ளை வெள்ளையாகப் படர்ந்தது, அது பூஞ்சை என்று மருந்து கொடுத்தார்கள். அப்புறம்தான் உண்மையான கஷ்டம். எச்சில் முழுங்கவே அழுவார்.

காரம் அடியோடு நிறுத்து. புளி, எலுமிச்சை, தக்காளி வேண்டாம். உங்கள் ஊர் ஆரஞ்சு கண்ணிலேயே காட்டாதே. சேலத்தில் இருந்துகொண்டு ஜவ்வரிசிக்கு என்ன பஞ்சம்? நன்றாக ஊறவைத்து, குழையக் காய்ச்சி, பால் விட்டு, ஆறவைத்துக் கொடுத்தேன். வழுவழுவென்று தானாக இறங்கும். ஆனால் ஜவ்வரிசியில் சத்து ஒன்றும் பெரிதாக இல்லை, மாவுதான் என்று அங்கே டயட்டீஷியன் அம்மா சொன்னார். அதனால் அதிலேயே வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவை மிக்சியில் அடித்துக் கலந்துவிடுவேன். கொஞ்சம் நெய். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து வடிகட்டித் தனியாக. ஒரே வேளையில் திணிக்காதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சின்ன டம்ளர், கடிகாரத்தைப் பார்த்துக் கொடு. பசிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

வாய் கொப்பளிக்க, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. சாப்பிடும் முன்பும் பின்பும், எழும்போதும் படுக்கும்போதும். கடையில் விற்கிற காரமான மவுத்வாஷ் தொடவே கூடாது.

கழுத்தில் கறுத்துப்போகும், தோல் உரியும். யாராவது வந்து மஞ்சள் பூசு, தேங்காய் எண்ணெய் பூசு என்பார்கள். டாக்டர் கொடுத்த களிம்பு தவிர எதுவும் பூசாதே. சட்டைக் காலர் உரசினாலே எரியும் என்று இவருக்குப் பழைய காட்டன் பனியன்தான்.

மூக்கில் டியூப் போட வேண்டும் என்று சொன்னால் மறுக்காதீர்கள். எங்கள் மாமியார், டியூப் போட்டால் முடிந்தது கதை என்று அழுது ஊரைக் கூட்டினார். டியூப் போட்ட பிறகுதான் இவருக்குத் தெம்பு வந்தது. முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். டியூப் இருந்தாலும் வாயால் கொஞ்சம் தண்ணீராவது முழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னார்கள், இல்லையென்றால் தொண்டை முழுங்குவதையே மறந்துவிடுமாம்.

காப்பீடு பார்த்தாயா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று விஏஓவிடம் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் போட்டோ எடுத்துப் பதிய வேண்டும். அட்டை இருந்தால் ஆரம்பிக்கும் முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரில் அப்ரூவல் வாங்கிவிடு. கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் நடக்காது.


நாகலூர் ஜீப்:

அக்கா, ரொம்ப நன்றி. அம்மா இதைத் தனியாக எழுதி வைக்கச் சொன்னார். அட்டை இருக்கிறது, கவுண்டரில் கேட்கிறேன்.

இன்று டாக்டரைப் பார்த்துவிட்டோம். பல்லைக் காட்டியதும் அவரே எழுதிக் கொடுத்தார், இரண்டு பல்லும் எடுத்தாகிவிட்டது. பிளான் முடிந்துவிட்டதாம், செக்கிங் மட்டும் பாக்கி, வீக்கம் வற்றியதும் மாஸ்க்கைப் போட்டுப் பார்க்கலாம் என்றார்.

இன்னும் இரண்டு சந்தேகம். தினமும் ஜீப்பிலேயே இறக்கி ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறேன், வண்டி சொந்தம்தானே. இல்லை, கன்னங்குறிச்சியில் அத்தை வீடு இருக்கிறது, அங்கே தங்க வேண்டுமா? அப்பா மலையை விட்டு வர மறுக்கிறார். அடுத்து, வீட்டில் என் பெண் குழந்தைக்கு ஒரு வயதுதான் ஆகிறது. கரண்ட் வைத்துவிட்டு வந்தவர் குழந்தையைத் தூக்கலாமா? தூக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.


அம்மாபேட்டை பிசிக்ஸ்:

பல் எடுத்தது நல்ல காரியம்.

குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். லினாக்கில் கதிர் வருவது மின்சாரத்தால். சுவிட்சை அணைத்தால் லைட் அணைவது போல அந்த நொடியே கதிரும் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. உள்ளே மருந்தாகக் கொடுக்கும் ரேடியோ அயோடின் மாதிரி சிகிச்சைகளில்தான் குழந்தைகளை விலக்கி வைக்கச் சொல்வார்கள். அதைக் கேட்டு இதற்கும் சொல்கிறார்கள். கீமோ போட்ட இரண்டு மூன்று நாளைக்கு அவர் வாந்தியைச் சுத்தம் செய்யும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அது போதும். குழந்தைக்குச் சளி காய்ச்சல் இருந்தால் அப்போது குழந்தையைத்தான் அவரிடம் விடக் கூடாது.

தங்குவதைப் பற்றி: கன்னங்குறிச்சியே சரி. திங்களிலிருந்து வெள்ளி வரைக்கும், ஏழு வாரம். 20 கொண்டை ஊசி வளைவை தினமும் இரண்டு தடவை, அதிலும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றின மறுநாள், அவர் குடலே வெளியே வந்துவிடும். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு நீங்களே மலையேற்ற மாட்டீர்கள். ஆரம்பத்திலேயே இறங்கிவிட்டால் சனி, ஞாயிறு மட்டும் தெம்பு இருந்தால் வீட்டுக்குப் போகட்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது. மழைக்கு மலைப்பாதையில் மண் சரியும், கோடை விழா நேரத்தில் வண்டி நகராது, குப்பனூர் பாதையில் சுற்றினால் நேரம் தப்பும். இப்படி ஒவ்வொரு சிட்டிங்காக விட்டுப்போகும். தலை, கழுத்துக் கேன்சரில் நாலு வாரம் தாண்டிய பிறகு, மிச்சமிருக்கிற கேன்சர் செல்கள் முன்பைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கின்றன. மொத்தச் சிகிச்சை ஒரு நாள் நீண்டால் கட்டி கட்டுக்குள் வரும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கு மேல் குறையும் என்பது பல ஆய்வுகள் சொல்லும் கணக்கு. விலை கூடின மெஷினில் வைத்துக்கொண்டு நடுவில் ஒரு வாரம் நின்றுவிட்டவரைவிட, கோபால்ட்டில் ஒரு நாள்கூட விடாமல் வந்தவருக்கு நல்ல பலன் கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தவர்களில் பலர் பஸ் ஏறி வந்தவர்கள்.

மெஷினே ஒரு நாள் நின்றுவிட்டால்? கேளுங்கள். சனிக்கிழமை வைப்பார்கள், இல்லையென்றால் ஒரே நாளில் இரண்டு சிட்டிங், நடுவில் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி. விட்டுப்போனதை எப்படி ஈடுகட்டுகிறீர்கள் என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எடை முக்கியம். வாராவாரம் ஒரே தராசில் நிறுத்திக் குறித்து வையுங்கள். குகை அம்மா சொன்ன சாப்பாட்டுக்கும் என் மில்லிமீட்டர் கணக்குக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. ஆள் இளைத்தால் மாஸ்க்குக்குள் முகம் ஆடும், பரோடிட் சுருங்கி உள்பக்கம் நகர்ந்து, கதிர் அதிகம் விழுகிற இடத்துக்கே போய்விடும். மாஸ்க் தொளதொளவென்று இருந்தால் டெக்னீஷியனிடம் அன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள். தினமும் வைக்கும் முன் படம் எடுத்துச் சரிபார்ப்பார்கள்தான், ஆனால் படுத்திருக்கிறவருக்குத்தான் முதலில் தெரியும். தேவைப்பட்டால் நடுவில் புது ஸ்கேன் எடுத்துப் பிளானை மாற்றலாம்.

உள்ளே தனியாகப் படுக்க அவர் பயந்தால், கேமராவில் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள், கையைத் தூக்கினால் நிறுத்திவிட்டு ஓடி வருவார்கள் என்று சொல்லுங்கள்.


செவ்வாய்ப்பேட்டை:

ஒரு சின்னச் சந்தேகம் சார். என் அம்மாவுக்கு மார்பகம், ஆபரேஷன் முடிந்து 15 சிட்டிங்தான் சொல்லியிருக்கிறார்கள். ஐஎம்ஆர்டியும் வேண்டாமாம். இவர் அப்பாவுக்கு 35 என்கிறார்களே, நமக்குக் குறைத்து வைக்கிறார்களோ?


அம்மாபேட்டை பிசிக்ஸ்:

குறைக்கவில்லை. மார்பகத்துக்கு 15 சிட்டிங்கில் 40 கிரே என்பது பெரிய ஆய்வுகளில் தேறி, பல நாடுகளில் இப்போது வழக்கமாகிவிட்ட முறை. ஒரு சிட்டிங்குக்கான டோஸ் அதில் அதிகம், அதனால் எண்ணிக்கை குறைவு. பெரும்பாலானவர்களுக்குச் சாதாரண முறையே போதும். இடது பக்கம் என்றால் இதயத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று மட்டும் கேளுங்கள், மூச்சை இழுத்துப் பிடித்து வைக்கும் வசதி அங்கே இருக்கிறதா என்றும் கேளுங்கள்.


நாகலூர் ஜீப்:

போன் வந்துவிட்டது. வருகிற திங்கள் மாஸ்க்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் அன்றைக்கே முதல் சிட்டிங். அத்தை வீட்டில் முன்னறையை ஒழித்துக் கொடுத்துவிட்டார்கள். அப்பா கழுத்தில் ஒரு தாயத்து, காதில் கடுக்கன். கழற்ற வேண்டுமா? சேர்வராயன் கோயிலில் கட்டியது, எடுக்க மாட்டேன் என்கிறார். வாங்க வேண்டிய பேப்பர் ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள் சார்.


அம்மாபேட்டை பிசிக்ஸ்:

கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது, உலோகம் கதிரைச் சிதறடித்துத் தோலைக் கூடுதலாகப் புண்ணாக்கும். ஸ்கேன் எடுக்கும்போது கட்டாயம் கழற்றச் சொல்லியிருப்பார்கள், வீட்டுக்கு வந்து மறுபடி கட்டிக்கொண்டிருப்பார். கடுக்கனையும் எடுத்துவிடுங்கள். தாயத்தை இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், அங்கே கதிர் வராது.

பேப்பர்: பிளான் ரிப்போர்ட்டில் ஒரு பிரதி வாங்கி வையுங்கள். அதில் இடது பரோடிட் சராசரி எவ்வளவு என்று ஒரு வரி இருக்கும், டாக்டரிடம் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முடிந்த பிறகு மொத்த டோஸ், தேதி எல்லாம் போட்ட சம்மரியும் வேண்டும். பின்னாளில் எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தைராய்டு டெஸ்ட், அது கழுத்தில் இருப்பதால் மெதுவாகக் குறையும்.

கடைசி சிட்டிங் முடிந்த அன்றைக்கே வலி குறையும் என்று அவரிடம் சொல்லி வைக்காதீர்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம், இரண்டு வாரம் இன்னும் மோசமாகித்தான் இறங்கும். ருசி திரும்ப மாதக்கணக்காகும்.


குகை கொலுசுப்பட்டறை:

எங்கள் வீட்டுக்காரருக்கு முதலில் திரும்பியது உப்பு. இனிப்புக்கு ரொம்ப நாள் ஆனது. கன்னங்குறிச்சிக்கு வந்ததும் உன் அம்மாவிடம் என் நம்பர் கொடுக்கிறேன், தனியாக மெசேஜ் போடு கண்ணு. வெள்ளைக்கரு அடிக்கும்போது வாடை வராமல் இருக்க ஏலக்காய் தட்டிப் போட வேண்டும், அதை எழுத விட்டுப்போயிற்று.